நாலு மணிக்குள் ஒரு வார்த்தை

இது சாயர்புரம் போகிற பஸ்தானே, தங்கச்சி? நீங்க ஜன்னல் ஓரமே இருங்க, எனக்கு இந்தப் பக்கம் போதும். காற்று நேராக அடித்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும். இந்த ஃபைலை மட்டும் நம் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொள்ளட்டுமா? மடங்கிவிடக் கூடாது. உள்ளே என் பையனுடைய சர்டிபிகேட் எல்லாம் இருக்கிறது. பி.இ. மெக்கானிக்கல்.

உங்களிடம் மணி என்ன? மூன்று பத்தா? நல்லது, நேரம் இருக்கிறது. நாலு மணிக்குள் நான் ஒரு போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சரி என்று சொன்னால் என் மகள் குஜராத்தில் வேராவல் என்கிற ஊருக்கு வேலைக்குப் போய்விடுவாள். வேண்டாம் என்றால் அவளுக்குப் பதிலாக வேறு ஆள் போவான். ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணை மூடலாம் என்று பார்த்தால் இந்த டிரைவர் பாட்டைப் போட்டுவிட்டார். பரவாயில்லை, அவருக்கும் தூக்கம் வராமல் இருக்க வேண்டுமே.

பிள்ளைக்கா இந்த ஷூ? யூ.கே.ஜி.யா? விலையைச் சொல்லாதீங்க, எனக்கு மயக்கம் வந்துவிடும். ஜூன் மாதம் வந்தாலே பெற்றவர்கள் பர்ஸ் காலி. ஷூ, சாக்ஸ், நோட்டு, அந்த நோட்டுக்கு ஒரு அட்டை, அட்டைக்கு ஒரு ஸ்டிக்கர். பிள்ளை இன்னும் அ, ஆ எழுதவில்லை, அதற்குள் கம்ப்யூட்டர் ஃபீஸ். அந்தக் கம்ப்யூட்டரைப் பிள்ளை தொட்டாவது பார்த்ததா என்று கேட்டால் மிஸ் சிரிக்கிறாங்க. இந்த இலவச பஸ்ஸும் இல்லை என்றால் நம்மைப் போன்றவர்கள் வீட்டை விட்டு இறங்கவே முடியாது. ஒரு முட்டை என்ன விலை, ஒரு சிலிண்டர் என்ன விலை. முருங்கைக்காய்கூடப் பாருங்க, நம் ஊர்க் கொல்லையில் காய்க்கிறது, அதையும் எடை போட்டு விற்கிறான். சம்பளம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்று சொல்வேன், இந்தக் காலத்தில் பிள்ளைகள் கைத்தொழில் படிக்கணும். போன மாதம் எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகியது. பிளம்பர் வந்தான், பொடிப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. உட்கார்ந்து எழுந்தான், முன்னூறு ரூபாய் என்கிறான். வாஷர் தனி. "ஆச்சி, ஜிபே இருக்கா?" என்கிறான். பக்கத்தில் எங்கள் ஆல்வின் நிற்கிறான், மெக்கானிக்கல் இன்ஜினியர். குழாயையும் பார்க்கிறான், பிளம்பரையும் பார்க்கிறான், கடைசியில் என்னைப் பார்க்கிறான். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தியில் பட்டது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஐ.டி.ஐ. படித்தால் இந்த நாடு எங்கேயோ போய்விடும். தெருவுக்குப் பத்து இன்ஜினியர் எதற்கு?

ஆல்வினையா? ஐ.டி.ஐ.யிலா? அதெப்படி தங்கச்சி, அவன் மூளை அப்படிப்பட்டது இல்லை. நாலாம் வகுப்பில் வேதாகமப் போட்டியில் டயோசிசன் அளவில் பரிசு வாங்கினவன். "இவனை மேலே கொண்டு வாங்க" என்று எங்கள் சர்ச் ஐயரே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். இவன் அப்பா அப்போது உயிரோடு இருந்தார், மில் வேலை. கையெழுத்துப் போட்டுப் பேங்க்கில் லோன் வாங்கிச் சேர்த்தார். முடித்தான். அரியர் இரண்டு மூன்று இருந்தது, அதையும் கர்த்தர் கிருபையால் எழுதி முடித்துவிட்டான். சென்னைக்குப் போனான், கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினான். ஒரு இடத்தில் சம்பளம் போதவில்லை, இன்னொரு இடத்தில் சூப்பர்வைசர் மரியாதை இல்லாமல் பேசிவிட்டான். அவன் ரொம்ப ரோஷக்காரன். திரும்பி வந்துவிட்டான். இப்போது வீட்டில் இருந்துகொண்டே போனில் ஒரு கோர்ஸ் படிக்கிறான், மனுஷன் பேசுகிற மாதிரியே பேசுகிற கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாமே, அதில். யாராவது கேட்டால் ஐ.டி. லைனில் இருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். பொய் இல்லையே, அந்த லைனில்தானே படிக்கிறான்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒவ்வொரு வாரமும் அவன் பேரைக் கொடுப்பேன். மற்ற பெண்கள் கண்ணை மூடும் முன்பே என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. "ஆல்வினுக்காகத்தானே, எழுதியாச்சு." ஒரு நாள் ஒரு அக்கா கேட்டாங்க, "சுகிர்தாவுக்கு ஒண்ணும் வேண்டாமா?" என்று. அவளுக்கு என்ன, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். கேட்காமலே கிடைத்துவிட்டவர்களுக்காக ஆண்டவரைத் தொந்தரவு பண்ணலாமா?

சுகிர்தாதான் மகள். இப்போது வேராவல் போகப் போகிறேன் என்கிறவள்.

அவள் பன்னிரண்டாவது முடித்தபோது அவன் காலேஜில் மூன்றாவது வருஷம். கையில் என்ன இருக்கும்? நான் ஒன்றும் சொல்லவில்லை தங்கச்சி, நீ படிக்காதே என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அவளாகவே ஒரு நாள் காலையில் தலை சீவிக்கொண்டே, "எம்மா, நான் ஐ.டி.ஐ. சேரப் போறேன். ஃபீஸ் கெடையாது, சைக்கிள் தாராங்க" என்றாள். ஏசி, பிரிட்ஜ் ரிப்பேர் பண்ணுகிற படிப்பு. கிளாஸ் முழுக்க ஆம்பளைப் பையன்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் சைக்கிள் வந்தது, பஸ் காசு மிச்சம். முடித்ததும் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை. உங்களுக்குத் தெரியுமே, கடலுக்குப் போகிற போட்டுக்காரர்கள் மீன் போட்டு வைக்க ஐஸ் பார் வாங்குவார்களே, அது. பக்கத்திலேயே ஏற்றுமதி மீனை உறையவைக்கிற பெரிய குளிர் கிடங்கு. அங்கே மிஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். கையெல்லாம் கிரீஸ். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு போவாள், அந்த மிஷின் சத்தம் அப்படி. ஒரு கல்யாண வீட்டில், "மக என்ன பண்ணுறா?" என்று கேட்டால் நான் "கம்பெனியில்" என்று சொல்லி நிறுத்திவிடுவேன். ஐஸ் விற்கிறாளோ என்று நினைத்துக்கொண்டால் என்ன செய்ய?

ஆம்பளை ஆப்பரேட்டர்களுக்குக் கொடுக்கிறதை இவளுக்குக் கொடுப்பதில்லையாம். அதே மிஷின், அதே ஷிப்ட். ஒரு நாள் வந்து புலம்பினாள். நான் சொன்னேன், "போகுது மக்கா, அவங்க குடும்பம் காப்பாத்தணும்லா." அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சிலிண்டர் புக் பண்ணப் போய்விட்டாள்.

ஆமா, எங்கள் வீட்டில் சிலிண்டர் அவள்தான் புக் பண்ணுவாள். கரண்ட் பில், பேங்க் லோன், என் மூட்டுக்கு மாத்திரை எல்லாம் அவள் போனிலேயே முடித்துவிடுவாள். என் போனில் பட்டன் மட்டும்தான், பார்த்தீங்களா. ஆல்வினுக்கு இதெல்லாம் கவனம் வராது, அவன் தலையில் பெரிய பெரிய விஷயம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் அவன் எனக்கு ஒன்று செய்து கொடுத்தான், கேளுங்க. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்த வருஷம் குடும்ப ஜெபம் வாசிக்க வேண்டியது என் முறை. எனக்கு எழுத வராது. "நான் எதுக்கு இருக்கேன்?" என்று அந்தப் பேசுகிற கம்ப்யூட்டரிடம் சொல்லி ஜெபத்தை எழுதி வாங்கிவிட்டான்! நான் சொல்லச் சொல்ல அவன் போனில் தட்டினான். படிக்கப் படிக்க எனக்கே புல்லரித்தது. எங்கள் வீட்டை ஆசீர்வதியும், மரித்த கணவரின் நினைவை ஆசீர்வதியும், என் மூட்டுகளைப் பலப்படுத்தும், என் மகன் ஆல்வினுக்கு வாசல்களைத் திறந்தருளும் என்று எவ்வளவு அழகான தமிழ்! சங்கத்தில் வாசித்தபோது எல்லாரும் ஆமென் சொன்னாங்க, ஐயரம்மா கண்ணைத் துடைச்சாங்க. வீட்டுக்கு வந்து மறுபடி ஆசையாக வாசித்துப் பார்க்கிறேன், சுகிர்தா பேரே இல்லை! எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏல, உன் மிஷின் எம் புள்ளைய விட்டுட்டுதே?" என்றேன். அவன் போனைத் தூக்கிக் காட்டுகிறான். "நீ அவளப் பத்திச் சொல்லவே இல்லயேம்மா. சொன்னதத்தான் அது எழுதும்." பார்த்தீங்களா? இதுதான் மிஷின். என்னதான் படித்திருந்தாலும் வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறது என்று அதற்குத் தெரியுமா? மனுஷர் எழுதியிருந்தால் விட்டிருப்பாங்களா?

டிக்கெட்டா? ஆமா தம்பி, சாயர்புரம் ஒண்ணு. லேடீஸ் டிக்கெட்தான்.

எங்கே விட்டேன்? வேராவல். போன வாரம் சுகிர்தா வேலை முடிந்து வந்தவள் சாப்பிடாமல் நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். என்னட்டி என்றேன். கம்பெனிக்காரர்கள் அங்கே புதிதாக ஒரு கிடங்கு கட்டியிருக்கிறார்களாம், தூத்துக்குடி மாதிரி அதுவும் மீன்பிடி ஊராம். அங்கே மிஷினை ஓட்டவும் அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இங்கிருந்து ஒரு ஆளை அனுப்புகிறார்கள். இவள் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்பளைக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம், தங்க ரூம். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. சின்னப் பிள்ளையில் சண்டே ஸ்கூல் பரிசு கிடைக்காமல் போகும்போதெல்லாம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வாள், அதற்கு நேர் எதிராக இருந்தது.

நான் எடுத்த சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பெண்பிள்ளை, அவ்வளவு தூரம், பாஷை தெரியாது. கல்யாணம் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்? அதை விடுங்க, அவள் போய்விட்டால் வீட்டில் மோட்டார் போடுவது யார்? அந்த மோட்டார் ஒரு மாதிரி மக்கர் பண்ணும், அவள் ஒரு தட்டுத் தட்டினால்தான் ஓடும். லோன் மெசேஜ் வந்தால் படிக்கிறது யார்? இதையெல்லாம் கொஞ்சமாவது யோசித்தாளா? அந்தப் பொறுப்பு இல்லை பாருங்க, இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம்.

அன்று ஜெபத்துக்கு முழங்கால் போட்டபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. ஆண்டவர் கொடுத்த எண்ணம் என்றுதான் நினைத்தேன். வேலை என்ன வேலை? மிஷின் வேலை. எங்கள் ஆல்வின் என்ன படித்திருக்கிறான்? மிஷின் படிப்பு. அதுவும் ஐ.டி.ஐ. இல்லை, பி.இ. இத்தனை வருஷம் நான் தட்டின கதவு என் வீட்டுக்குள்ளேயே திறந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை! அவள் இங்கேயே இருக்கட்டும், அவன் வேராவலுக்குப் போகட்டும். ஒரே கல்லில்... என்ன, சிரிக்கிறீங்க? அப்படி ஒரு தெளிவு வந்தது எனக்கு.

அவனிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றான். அவன் பார்க்கலாம் என்றாலே பெரிய விஷயம். அவளிடம் சொல்லவில்லை. நடந்தபிறகு சொன்னால் சந்தோஷப்படுவாளே என்று விட்டுவிட்டேன்.

இன்றைக்கு அவளுக்குக் காலை ஷிப்ட். அவள் போனபிறகு, நல்ல சேலை கட்டி, இந்த ஃபைலை எடுத்துக்கொண்டு, மேனேஜருக்கு என்று கொஞ்சம் முறுக்கு சுட்டு வைத்திருந்தேன், அதையும் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். கேட்டில் வாட்ச்மேன், நல்ல உயரமான ஆள், பூல்பாண்டி என்று பேர் சொன்னார்.

"யாரப் பாக்கணும்?"

"மேனேஜரப் பாக்கணும் அண்ணாச்சி."

"நீங்க யாரு?"

"ஆல்வின் அம்மா."

ஊரில் எல்லாரும் என்னை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள், அந்தப் பழக்கம். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆல்வின்னு இங்க யாரும் இல்லயேம்மா" என்கிறார். பிறகுதான் சுகிர்தா பேரைச் சொன்னேன். உடனே எழுந்துவிட்டார் தங்கச்சி! அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்து என்னிடம் தள்ளினார். "சுகிர்தா மேடம் அம்மாவா? வெயில்ல நிக்கீங்களே!" மேடமாம்! வீட்டில் ஏட்டி என்று கூப்பிடுகிறோம். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

மேனேஜர் தங்கமான மனுஷர். முறுக்கை வாங்கிக்கொண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டே, "சொல்லுங்கம்மா" என்றார். நான் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"சார், ஒரு விண்ணப்பம். அவ பொம்பளப் புள்ள. அவ்வளவு தூரம் வேண்டாம். அந்த எடத்த எம் பையனுக்குக் குடுங்க. அவளவிடப் பெரிய படிப்பு சார் அவனுக்கு. ஒரே வீடுதான, யாரு போனா என்ன?"

அவர் கடித்த முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், மெல்லவில்லை. "நீங்க வந்தது சுகிர்தாவுக்குத் தெரியுமாம்மா?" என்றார். "அவகிட்ட இதெல்லாம் எதுக்கு சார்?" என்றேன். ஃபைலைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே ஆல்வின் போட்டோ, டை கட்டி எடுத்தது. பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவரா? போன வருஷம் இங்க ட்ரெய்னியா வந்தாரே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்ல சார், வேற யாரோ" என்றேன்.

"இவருதான்மா. சுகிர்தா கெஞ்சிக் கேட்டதால எடுத்தோம். ஒரு வாரம் வந்தாரு. அமோனியா வாடை ஒத்துக்கலன்னு நின்னுட்டாரு. ஆள் கொறஞ்சு போச்சு, அந்த மாசம் பூரா சுகிர்தாதான் அவரு ஷிப்டையும் சேத்துப் பாத்தா. சொல்லலயா?"

சொல்லவில்லை. அந்த மாதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவன் ஏதோ ட்ரெய்னிங் என்று காலையில் போனான், பிறகு போகவில்லை. அவள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கினாள். நான் அவளைத்தான் திட்டினேன், வயசுப் பிள்ளை இப்படியா தூங்கும், கொஞ்சம் வேதம் வாசிக்கக் கூடாதா என்று. எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் மறைத்துவிட்டார்களே. அந்த ஐஸ் மிஷினில் ஓடுகிற அமோனியா வாடை என்றால் லேசில்லை தங்கச்சி, கேட்டில் நிற்கும்போதே எனக்குக் கண் எரிந்தது. ஆல்வினுக்குச் சின்ன வயசிலேயே இழுப்பு உண்டு. அவனைக் குறை சொல்ல முடியாது.

மேனேஜர் ஆள் அனுப்பிச் சுகிர்தாவைக் கூப்பிட்டார். வந்தாள். முட்டு வரைக்கும் ரப்பர் பூட்ஸ், மேலே அவள் அப்பாவுடைய பழைய முழுக்கைச் சட்டை. அந்தச் சட்டை எங்கே போயிற்று என்று நான் வீடெல்லாம் தேடியிருக்கிறேன். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள், "எம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று. ஒன்றும் ஆகவில்லை என்று நான் சொல்வதற்குள் மேஜையில் ஃபைலைப் பார்த்துவிட்டாள். ஆல்வின் போட்டோவைப் பார்த்தாள். முறுக்கைப் பார்த்தாள். அவளாகவே ஃபைலை மூடி, நாடாவைக் கட்டி, என் கையில் கொடுத்தாள்.

மேனேஜர்தான் சொன்னார். "அம்மா, பையன் விஷயம் நடக்காது. இவ விஷயம் மட்டும் சொல்லுங்க. இவ மேஜர்தான், நான் கேக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஆனா இவ்வளவு தூரம் ஒரு பொண்ண அனுப்பிட்டு, நாளைக்கி நீங்க வந்து வாசல்ல அழுதா எனக்குத்தான் கெட்ட பேரு. இன்னிக்கி நாலு மணிக்கு ஹெட் ஆபீசுக்குப் பேர் அனுப்பணும். சம்மதமா, இல்லயா?"

ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தார். "நாலு மணிக்குள்ள ஒரு வார்த்தை. போன் வரலன்னா சம்மதமில்லன்னு எடுத்துக்குவேன்" என்றார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் கூட வந்தாள். வழியில் ஒரு கடையில் எனக்கு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள், உப்புப் போட்டு, சர்க்கரை வேண்டாம் என்று அவளே சொல்லி. நான் குடித்து முடிக்கிற வரைக்கும் ஃபைலை அவளே வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபப்பட்டுச் சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். டம்ளரை வாங்கிக் கடையில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"எம்மா, நீ எங் கம்பெனிக்கு வந்தது இன்னிக்கித்தான் மொதத் தடவ. சேந்த அன்னைக்கி வான்னு கூப்பிட்டேன், மூட்டு வலின்னுட்ட. ஆயுத பூசைக்கி எல்லாரும் வீட்டாளுகளக் கூட்டிட்டு வந்தாங்க, நம்ம அங்கல்லாம் போகக் கூடாதுன்னுட்ட. இன்னிக்கி ரெண்டு பஸ் மாறி வந்திருக்க."

"மூட்டு வலி இன்னைக்கும்தான்டி இருக்கு" என்றேன். உண்மைதானே தங்கச்சி? அவள் சிரித்தாள். சிரிக்கிற மாதிரி ஒன்று செய்தாள். பஸ் வந்தது, கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். அது டவுனுக்கு வருகிற பஸ், இறங்கி இதில் ஏறி உட்கார்ந்தேன், நீங்க பக்கத்தில் இருந்தீங்க.

நான் இரண்டு பிள்ளைகளையும் ஒரே மாதிரிதான் வளர்த்தேன். நீங்களே சொல்லுங்க, இதுவரை கேட்டீங்களே, எங்கேயாவது ஒரு வஞ்சனை தெரிந்ததா? மீன் குழம்பு வைத்தால் இரண்டு பேருக்கும் தட்டில் துண்டு உண்டு. நடுத்துண்டு அவனுக்கு, ஏனென்றால் அவனுக்கு முள் எடுக்க வராது. அவள் வாலை நன்றாகச் சுத்தமாகச் சாப்பிடுவாள், அவளுக்கு அதுதான் பிடிக்கும்.

பிடிக்குமா என்று கேட்டேனா? கேட்கிறதென்ன, சாப்பிட்டாளே.

என்ன ஜனம் இறங்குகிறது, கூட்டாம்புளியா? வண்டி இன்றைக்கு ஏன் இப்படி ஊர்கிறது? மணி பாருங்க. நாலு ஐந்தா? நாலு தாண்டிவிட்டதா?

இந்தச் சீட்டைக் கையில்தான் வைத்திருந்தேன். பேச்சு வாக்கில் பாருங்க.

சரி. விடுங்க. இதுவும் ஒரு பதில்தான். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் கையில் ஒன்றும் இல்லாமல் ஆண்டவரே நேரத்தைக் கடத்திவிட்டார். அவருக்குச் சித்தமில்லை என்றால் நாம் என்ன செய்ய முடியும்? அவள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், பிறகு சரியாகிவிடுவாள். அவளுக்குத் தாங்கத் தெரியும். இல்லை, நான் உங்களைக் குறை சொல்லவில்லை, நீங்க நினைவுபடுத்தத்தான் பார்த்தீங்க, நான்தான் கையமர்த்தினேன். ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

இருங்க, போன் அடிக்கிறது.

"ஆங், சுகிர்தா... பஸ்லதான் இருக்கேன்... கேக்கல, சத்தமாப் பேசு... என்னது? நான் எங்கட்டி சொன்னேன்?... ம்... ம்... ஏட்டி, அதெப்படி... ம். சரி. வை."

கேட்டீங்களா தங்கச்சி இந்த அநியாயத்தை? நாலு மணிக்கு மேனேஜர் கேட்டாராம், அம்மாவிடமிருந்து போன் வரவில்லையே என்று. இவள் சொல்லியிருக்கிறாள், "எனக்குப் போன் பண்ணினாங்க சார், சம்மதம்னு சொல்லிட்டாங்க" என்று. பேர் போய்விட்டதாம். அடுத்த வாரம் ரயில்.

பொய்! என் வயிற்றில் பிறந்த பிள்ளை, இத்தனை வருஷத்தில் ஒரு பொய் சொன்னதில்லை. ஒரு வருஷம் அந்த ட்ரெய்னி விஷயத்தை மறைத்தாளே தவிர, பொய் என்று சொன்னதில்லை. இப்போது என் வாயில் நான் பேசாத பேச்சை வைத்துவிட்டாள். அதையும் கூசாமல் என்னிடமே சொல்கிறாள். "வேண்டாம்னா நீ இப்பவே சாருக்குப் போன் பண்ணிச் சொல்லும்மா, எம் மக பொய் சொல்லுதான்னு. நம்பர் உங்கிட்டத்தான இருக்கு" என்கிறாள். அழவும் இல்லை. எனக்கு அதுதான் என்னவோ செய்கிறது.

இதை அப்படியே விடலாமா? விடக் கூடாது. இந்த நம்பரைக் கொஞ்சம் போட்டுக் கொடுங்க. எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது.

போட்டுவிட்டீங்களா? இந்தப் பச்சைப் பட்டனை அமுக்கினால் போதுமா?

"சார், நான் அப்படிச் சொல்லல. எம் மக பொய் சொல்லுதா." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். சின்ன வார்த்தைதான். உண்மையான வார்த்தையும்கூட.

நான் போய் நின்றேனே அந்த ஆபீசில், அவர் முன்னால், அவள் பூட்ஸோடு வந்து நின்றாளே. மறுபடியும் அதே மனுஷரிடம் நான் வாயைத் திறந்தால்... இந்தத் தடவை அவள் பேரைச் சொல்லிக்கொண்டு...

எப்படி அழிக்கிறது இதை? இந்தச் சிவப்பா? அமுக்கிவிட்டேன். போய்விட்டதா? நன்றாகப் பாருங்க, தப்பித் தவறி அவருக்குப் போய்விடக் கூடாது.

பொய் பொய்தான் தங்கச்சி, நான் அதை நல்லது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி முழங்கால் போடும்போது சொல்லிவிடுவேன். அதை அவள் பேரில் எழுத வேண்டாம், ஆண்டவரே, நான்தான் சொன்னேன் என்று என் பேரிலேயே எழுதிக்கொள்ளும் என்று. வேறு எதையும் அவளுக்கு நான் செய்துவிடவில்லை.

சாயர்புரம் வந்துவிட்டதே. தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா, மெதுவாகத்தான் இறங்குவேன்.

நீங்க வெளியூரெல்லாம் போயிருப்பீங்க. அந்த வேராவலில் சோறு கிடைக்குமா, இல்லை சப்பாத்திதானா? அவளுக்குச் சப்பாத்தி பிடிக்குமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்கணும்.